ரொனியின் படிவத்தில் நான் குத்திய சீல்

அந்தோனியார் துணை

கொட்டாஞ்சேனை,
செவ்வாய்க்கிழமை.

என் மகள் டில்ஷானிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இந்தக் கடிதம் உன் கையில் சேரும்போது நீ தடிமன் காய்ச்சல் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு நல்லபடி இருக்க வேண்டும் என்று கொச்சிக்கடைக் கோயிலில் காலையில் ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். இங்கே நான் சுகம் என்று எழுதுவதுதான் முறை, ஆகையால் சுகம் என்றே வைத்துக்கொள். முழங்கால் மட்டும் படி ஏறும்போது என் பேச்சைக் கேட்பதில்லை. போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ வேலைக்கு நின்று பார்த்துக்கொள்கிற அந்த இத்தாலிக் கிழவி மணி அடித்துவிடுவாள், நீயும் பிறகு எடுக்கிறேன் அம்மா என்று வைத்துவிடுவாய், உன்னுடைய பிறகு எத்தனை நாள் என்று எனக்குத் தெரியும். முன்வீட்டு றேணுகாவின் மச்சான் வியாழக்கிழமை மிலானோவுக்குத் திரும்புகிறான், அவனிடம் இதையும் பார்சலையும் கொடுத்துவிடுகிறேன். மாசி, கறித்தூள், கட்டாக் கருவாடு எல்லாம் இருக்கிறது. கருவாட்டை மூன்று பையில் சுற்றியிருக்கிறேன், போன முறை மணக்கிறது என்று வீட்டுக்காரி முகத்தைச் சுளித்தாள் என்று சொன்னாயே, நான் அதை மறக்கவில்லை.

ரொனி ஹொஸ்டலுக்குப் போய் இன்றோடு ஏழு கிழமை. உன்னிடம் எல்லாம் நல்லபடி முடிந்தது, றக்பி விளையாடுவதற்காக யுனிவர்சிட்டியில் இடம் தந்தார்கள், படிப்பும் சாப்பாடும் இலவசம் என்று மட்டும் சொல்லியிருப்பான். நடந்தது அவ்வளவு லேசாக நடக்கவில்லை, உன் மகனுடைய காரியம் என்றபடியால் நீ என் வாயிலிருந்தே அறிய வேண்டும். அந்த யுனிவர்சிட்டியின் பெயரை நான் சொல்வதில்லை, உன் புருஷனின் பெயரைச் சொல்லாதது போலத்தான். மூன்று வருஷத்துக்கு முன் அது எங்கள் கொட்டாஞ்சேனைக் கிளப் விளையாடுகிற லீக்கில் வந்து சேர்ந்தது. அதுவரை எட்டுக் கிளப், எல்லாம் எங்களைப் போல வேலை முடிந்து வந்து விளையாடுகிற பிள்ளைகள், ஒரு வருஷம் நாங்கள் வெல்வோம், ஒரு வருஷம் மட்டக்குளிக்காரர் வெல்வார்கள், சண்டை பிடிப்போம், பிறகு ஒரே பானையில் சாப்பிடுவோம். இவர்கள் வந்தார்கள், நியூசிலாந்திலிருந்து ஒரு கோச், கால் பிடித்துவிட ஒருத்தன், ஐஸ் போட்டுக் குளிக்க ஒரு தொட்டி, ஏசி பஸ். எங்கள் பிள்ளைகள் துறைமுகத்தில் கொள்கலன் இறக்கிவிட்டு, வீங்கின கையோடு முகத்துவாரத்து மண் மைதானத்தில் ஓடிப் பழகுகிறவர்கள். முதல் வருஷம் எங்களுக்கு எண்பத்துநாலுக்கு மூன்று என்று அடித்தார்கள். அந்த மூன்று புள்ளியும் எங்கள் மூத்த ஆட்டக்காரன் ஷெல்டன் உதைத்தது, காற்று எங்கள் பக்கம் வீசினபடியால். அன்றைக்கு அவர்களுடைய மனேஜர், நீலச் சேர்ட், கையில் தங்க மணிக்கூடு, என்னிடம் வந்து ஆச்சி கடலை இருக்கா என்று கேட்டான். உன் அப்பா கிளெமென்ற் கூட்டாளிகளோடு சேர்ந்து தொடக்கின கிளப், அவர் இல்லாத இந்தப் பதினோரு வருஷமும் அந்த ஜேர்சிகளைத் தோய்த்துக் காயப்போட்டவள் நான், என்னைக் கடலைக்காரி என்று நினைத்தான். கடலை விற்பது குறைவான தொழில் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவன் கேட்ட விதம் எனக்குச் சாகும்வரை நினைவிருக்கும்.

தோற்பதுகூடப் பெரிய காரியமில்லை. ஒவ்வொரு கிளப்பிலும் நல்லாக ஓடுகிற பிள்ளையைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு போனார்கள். கொலன்னாவைக் கிளப் போன வருஷம் ஆள் இல்லாமல் பாதி சீசனில் நின்றுபோய் இந்த வருஷம்தான் திரும்ப எழும்பியது. கொண்டுபோன பிள்ளைகளை விளையாட விடுகிறார்களா என்றால் அதுவும் இல்லை, ஒரு இடத்துக்கு மூன்று பேர் வைத்திருக்கிறார்கள், இரண்டு பேர் நல்ல ஜக்கெட் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால்தான் எங்கள் செயலாளர் நாகேந்திரம், வெள்ளவத்தையில் இருக்கிறாரே, உன் கல்யாணத்துக்கு மணிக்கூடு கொண்டுவந்தவர், அவர் எட்டுக் கிளப்பையும் சேர்த்து லீக் கூட்டத்தில் வாதாடி ஒரு சட்டம் கொண்டுவந்தார். ஒரு கிளப்பில் பதிந்த பிள்ளை அந்தக் கிளப் கையெழுத்துப் போட்டுச் சீல் குத்தின விடுவிப்புக் கடிதம் இல்லாமல் அந்த சீசன் வேறு இடத்தில் விளையாட முடியாது. அதற்குப் பிறகு எட்டுக் கிளப்பும் எங்கள் முன்னறையில் கூடி, யாருமே அந்த யுனிவர்சிட்டிக்குக் கடிதம் கொடுப்பதில்லை என்று ஒருத்தருக்கொருத்தர் கையடித்து வாக்குக் கொடுத்தார்கள். அன்றைக்கு ரோல்ஸ் சுட்டது நான்தான். இப்படி ஒரு சந்தோஷம் உன் அப்பா போன பிறகு இந்த வீட்டில் இருந்ததில்லை.

கிளப்புக்குத் தனியாகக் கந்தோர் அறை இல்லை என்று உனக்குத் தெரியும், சீல் உன் அப்பாவின் தகரப் பெட்டியில்தான் இருக்கிறது, திறப்பு என் கழுத்தில். சீசன் தொடங்குகிற முதல் ஞாயிறு பூசை முடிந்து பிள்ளைகள் எல்லாரும் வீட்டுக்கு வந்து பால்சோறு சாப்பிட்டுவிட்டு நிரப்பாத பதிவுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு என்னிடம் தந்துவிட்டுப் போவார்கள், ஷிப்ட் வேலைக்காரரைப் பிறகு பிடிக்க முடியாது என்று உன் அப்பா தொடக்கின வழக்கம். மற்ற விவரத்தைப் பிறகு நிரப்பி, சீல் குத்தி, நாகேந்திரம் லீக்கில் கொடுப்பார். ரொனியும் இந்த வருஷம் போட்டான். பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான், அம்மம்மா, யுனிவர்சிட்டியிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள், இந்த சீசனே அவர்களுக்கு விளையாடினால் மூன்று வருஷப் படிப்பும் தருவார்கள், என் படிவத்தைக் கொடுக்க வேண்டாம் என்று. நான் மீன் முள்ளை எடு என்று மட்டும் சொன்னேன். மறுநாள் அவன் பயிற்சிக்குப் போன நேரம் றேணுகாவைக் கூப்பிட்டு, என் எழுத்து கோழி கிளறினது போல இருக்கும் என்று அவளைக் கொண்டு அவன் படிவத்தை நிரப்பி, சீல் குத்தி, மற்றப் படிவங்களோடு நடுவில் வைத்து நாகேந்திரத்திடம் அனுப்பிவிட்டேன். கிளப்புக்காகச் செய்தேன் என்று அன்று முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உனக்கு ஏன் பொய் எழுத வேண்டும். நீ போனாய், உன் தம்பி கனடாவுக்குப் போனான், இந்த வீட்டில் இரண்டாவது கோப்பை வைக்கிறதற்கு இருந்தது அவன் ஒருத்தன்தான்.

யுனிவர்சிட்டியில் அவனுக்குச் சொல்லிவிட்டார்கள், நீ ஏற்கெனவே பதிந்திருக்கிறாய், கடிதம் கொண்டுவா, பதினைந்தாம் தேதிக்குள் வராவிட்டால் இடம் வேறு பிள்ளைக்கு என்று. வந்து வாசலில் நின்று சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், "நீங்களா அம்மம்மா?" என்று ஒரே ஒரு தரம் கேட்டான். நான் ஓம் என்றேன். அவன் சத்தம் போட்டிருந்தால் நானும் நாலு கொடுத்திருப்பேன், முடிந்திருக்கும். ஒன்பது நாள் பேசவில்லை. சாப்பிட்டான், தன் கோப்பையைத் தானே கழுவினான், தன் உடுப்பைத் தானே தோய்த்தான், போகும்போது கதவை மெதுவாகச் சாத்தினான். அந்த மெதுவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பத்தாம் நாள் பஸ் ஏறி வெள்ளவத்தைக்குப் போய் நாகேந்திரத்திடம் கடிதம் எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அக்கா, எட்டுக் கிளப்பும் கையடிச்ச இடம் உங்கட வீடு. அங்கயிருந்தே முதல் கடிதம் போனா, மட்டக்குளிக்காரனை நான் எந்த முகத்தோட பார்க்கிறது?" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. சரி என்று தெரிந்துகொண்டே நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.

பதின்மூன்றாம் தேதி கமிட்டி எங்கள் வீட்டில் கூடியது. நான் எப்போதும் குசினி வாசலில் நிற்கிறவள், அன்றைக்கு நடுவில் வந்து நின்று, பிள்ளைக்குத் தெரியாமல் அவன் படிவத்தைக் கொடுத்தேன், அது களவு, களவில் வந்த பிள்ளையை வைத்து நாங்கள் வெல்ல வேண்டாம் என்று சொன்னேன். ஷெல்டன்தான் முதலில் வாயைத் திறந்தான், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், கிளப்பில் விளையாடினவர்களில் எல்லாருக்கும் மூத்தவன். "உங்கட பேரனுக்கு ஒரு சட்டம், எங்கட பிள்ளையளுக்கு ஒரு சட்டமா?" என்றான். நான் நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் உன் அப்பாவின் படத்தைப் பார்த்தோ, என் முழங்காலைப் பார்த்தோ, நாகேந்திரம் பேப்பரை எடுத்து எழுதி, கையெழுத்துப் போட்டு, "சட்டத்தை எழுதினது நான், கிழிச்சதும் நானா இருக்கட்டும்" என்று சொல்லிச் சீலுக்காக என் பக்கம் தள்ளினார். குத்தினேன். அதே இடத்தில் செயலாளர் வேலையை விட்டுவிட்டதாகவும் சொன்னார். தேத்தண்ணி குடிக்காமல் போனார், பிள்ளை. இருபத்தாறு வருஷத்தில் அவர் இந்த வீட்டில் தேத்தண்ணி குடிக்காமல் போனதில்லை.

அவர் பயந்தபடியே நடந்தது. இரண்டு கிழமைக்குள் மற்றக் கிளப்புகளும் கொட்டாஞ்சேனையே கொடுத்தது, நாங்கள் ஏன் பிடித்துவைக்க வேண்டும் என்று கடிதம் கொடுத்துவிட்டார்கள். எங்களிடமிருந்தே ரொனிக்குப் பிறகு இன்னும் நாலு பேர் போனார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன், யார்தான் படிப்பு வேண்டாம் என்பான். ஜேர்சிகளை இப்போது ஷெல்டனின் மனைவி தோய்க்கிறாள், எனக்கு வயது போய்விட்டதாம், அப்படித்தான் சொல்லி அனுப்பினார்கள். சீலைக்கூட வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். சனிக்கிழமை உடுப்புக் கொடி வெறுமையாக இருக்கிறது. கோயிலில் எல்லாரும் தலை ஆட்டுகிறார்கள், வீட்டுப் பக்கம் யாரும் திரும்புவதில்லை. றேணுகா மட்டும் வருகிறாள், அவளும் நின்றபடியேதான் கதைக்கிறாள்.

போன சனிக்கிழமை எங்களுக்கும் அவர்களுக்கும் மெட்ச், அவர்களுடைய மைதானத்தில். கிளப் வான் எங்கள் ஒழுங்கையில் நிற்கவில்லை, நான் கேற்றடியில் குடையோடு நிற்பதைக் கண்டும் நேரே போய்விட்டது. இரண்டு பஸ் மாறிப் போனேன். எப்போதும் போல எங்கள் ஆட்களின் பக்கம் உட்கார்ந்தேன், என் வரிசையில் எனக்குத் துணை என் கைப்பை மட்டும்தான். பதினைந்து பேர் நிற்க வேண்டிய இடத்தில் பதின்மூன்று பேர் நின்றார்கள், அதில் ஒருத்தன் ஷெல்டன், முப்பத்தெட்டு வயது, இரண்டு வருஷத்துக்கு முன் விளையாட்டை விட்டவன், ஆள் இல்லை என்று முழங்காலில் பட்டி சுற்றிக்கொண்டு இறங்கியிருந்தான். எழுபத்தொன்றுக்கு ஆறு ஆகும்வரை ரொனி வாங்கில்தான் இருந்தான். கடைசிப் பத்து நிமிஷம் இறக்கினார்கள். பந்து அவன் கையில் வந்தது, முன்னால் வெறும் புல், ஒரே ஒரு ஆள் ஷெல்டன், ஷெல்டனுக்கு நேர் பின்னால் கோல் கம்பம். ரொனி இப்போது எவ்வளவு பெரிய உடம்பு என்று உனக்குப் படத்தில் தெரியாது. நேரே போயிருந்தால் ஷெல்டன் அந்த முழங்காலோடு பிறகு கிரேன் ஏற மாட்டான். ரொனி அவனைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போய் மூலையில் விழுந்து பந்தைக் கோட்டுக்கு அப்பால் நிலத்தில் அழுத்தி ட்ரை வைத்தான். எங்கள் பக்கத்தில், "கிழவனை ஆட்டிக் காட்டுறான் பார், பணக்காரத் திமிர்" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். அதைக் கேட்டுக்கொண்டே நான் கை தட்டினேன். எங்கள் பக்கம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பரவாயில்லை என்று இன்னும் இரண்டு தட்டுத் தட்டினேன். ட்ரை வைத்த இடத்துக்கு நேரே நின்றுதான் பிறகு கம்பத்துக்கு உதைக்க வேண்டும், மூலையிலிருந்து உதைத்த பந்து கம்பத்துக்கு வெளியே போனது, அந்த இரண்டு புள்ளியும் வீண். மெட்ச் முடிந்து ஏசி பஸ்ஸில் ஏறும்போது அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான், நான் மைதானக் கேற்றடியில் நின்றது அவனுக்குத் தெரியாது. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட வரவில்லை.

கமிட்டியில் நான் நடுவில் வந்து நின்ற கதையை அவனுக்குச் சொல்லிவிடாதே, நான் மன்னிப்புக் கேட்டது போல ஆகிவிடும், நாகேந்திரம் இரங்கிக் கொடுத்தார் என்றே அவன் நினைக்கட்டும். உனக்கு எந்தக் குறையும் வராமல், கை காலுக்குப் பலம் தந்து, பனியில் வழுக்காமல் மாதா உன்னைப் பிடித்துக்கொள்ளட்டும். ஞாயிறு பூசையைத் தவறவிடாதே, அந்தக் கிழவியைத் தூக்கும்போது முதுகைப் பார்த்துக்கொள். மறக்காமல் ஒரு காரியம் செய். ஞாயிறு அவன் உனக்குப் போன் எடுக்கும்போது, ட்ரையை எப்போதும் கம்பத்துக்கு நடுவில் வைக்க வேண்டும், மூலையில் வைத்தால் உதைக்கிறவனுக்குக் கஷ்டம், ஆனால் அவன் ஏன் மூலைக்குப் போனான் என்று தெரியும் என்று சொல்லு. யார் சொன்னது என்று நீ சொல்ல வேண்டாம், அவனுக்கு விளங்கும்.

இப்படிக்கு,
உன் அம்மா
கி. அருள்நாயகி