அட்டைப்படத்தின் எட்டாவது பிள்ளை

உன் நான்கு சிறுவர் நாவல்களையும் ஒரே தொகுப்பாகப் போட முன்வந்த பதிப்பகத்திலிருந்து இன்று அட்டைப்படம் திரும்பி வந்தது. நான் வரைந்த படம்தான். செம்பனை மரங்களுக்கு முன்னால் வரிசையாக நிற்கும் பிள்ளைகளில், ஓரத்துச் சிறுமியின் தலையைச் சுற்றிச் சிவப்பு வட்டம். 'கதைகளில் ஏழு பேர், படத்தில் எட்டுப் பேர். ஒருவரை அழிக்கவும்.' நாம் வேலை பார்த்த செரண்டா கையுறைத் தொழிற்சாலைக் கேண்டீனில், கைபேசியில் அதைப் பார்த்ததும் பசி போய்விட்டது. மணி பன்னிரண்டு. வெளியே உன் கதைகளில் அடிக்கும் அதே வெயில்.

நீ இருட்டை எழுதியதே இல்லை. துப்பறியும் நாவலில் சைக்கிள் திருடன் நடுப்பகலில் மாட்டினான். கோலசிலாங்கூர் கலங்கரை விளக்கத்தடியில் புதையல் தோண்டியதும், செகிஞ்சான் வயலில் விண்கலம் இறங்கியதும் உச்சி வெயிலில்தான். பேய் நாவலும் அப்படித்தான்.

"இருட்டு இல்லாம என்னாடி பேய்க்கதை?" என்று கேட்டேன்.

"ராத்திரி வர்றதெல்லாம் சினிமாப் பேய். நம்ம எஸ்டேட்டுப் பேய்ங்க டே ஷிப்டு லா."

அச்சிலிருந்து கையுறைகளை உருவிக்கொண்டே சிரித்தோம். ஆனால் நீ எதைச் சொன்னாய் என்று எனக்குத் தெரியும்.

நம் எஸ்டேட்டு லயத்து வரிசை வீடுகளில் உச்சிப்பொழுதில் பிள்ளைகளை வெளியே விடமாட்டார்கள். காத்துக் கருப்பு அண்டிவிடும் என்பார்கள். கடைசி வீட்டுச் சிறுமியை மட்டும் யாரும் உள்ளே கூப்பிடவில்லை. அவளுக்குப் பெயர் இல்லை. பிறப்புப் பத்திரத்தை நம் ஆட்கள் சூராட் என்பார்கள். "சூராட் வரட்டும், பேரு வெச்சுக்கலாம்" என்பாள் அவள் அம்மா. வீட்டில் ஒரு பெயர் வைத்து, பத்திரத்தில் வேறு மாதிரி எழுதப்பட்டு, ஆயுள் முழுக்க அலைந்தவர்களைப் பார்த்த பயம் அது. அந்த அம்மாவுக்கே அடையாள அட்டை இல்லை. பத்திரம் எங்கிருந்து வரும்? எட்டு வயதாகியும் அவள் வெறும் பாப்பா.

பள்ளியில் சேர்க்கவில்லை. வேலிக்கு வெளியே வந்து நிற்பாள். நாம் ஏழாம் வாய்ப்பாட்டைக் கத்தி முடித்து ஓய்ந்ததும், வெளியிலிருந்து ஒரு குரல் கடைசி விடையை மட்டும் சொல்லும். ஒரு மூச்சு தாமதமாக.

ஒருநாள் மதியம் அவளைக் காணோம். அம்மாக்காரி "பாப்பா! பாப்பா!" என்று கத்திக்கொண்டு லயம் முழுக்க ஓடினாள். ஏழெட்டு வீடுகளிலிருந்து சின்னப்பிள்ளைகள் எட்டிப் பார்த்தன. எல்லா வீட்டிலும் ஒரு பாப்பா இருந்தது. புகார் கொடுக்கப் போன இடத்தில் முதல் கேள்வியே பெயர்தான். அடுத்தது பத்திர எண். திரும்பி வந்துவிட்டாள். இல்லாத பிள்ளையைத் தேட ஆள் அனுப்ப முடியாதாம். கால்வாயில் தேடியதும் நம் ஆட்கள்தான். ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை. வகுப்பேட்டில் 'வரவில்லை' என்று குறிக்கவும் அவளுக்கு ஒரு கட்டம் இல்லை.

மறுநாள் மதியம் வாய்ப்பாடு சொன்னோம். ஓய்ந்தோம். ஒரு மூச்சு தாமதமாக, வேலிப் பக்கமிருந்து, "எண்பத்து நாலு."

திரும்பிப் பார்த்தேன். வெயில்தான் நின்றது.

யாரிடமும் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை. பல வருடம் கழித்து உன் முதல் நாவலுக்கு நான் அட்டை வரைந்து காட்டினேன்.

"ஏய், எத்தன பேரு வரஞ்சிருக்க?"

"ஏழு."

"எண்ணுடி."

எண்ணினேன். எட்டு. எப்போது வரைந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அட்டையை வாங்கி, ஓரத்தில் நின்றவளையே பார்த்தாய்.

"உனக்கும் கேட்டுச்சா?" என்றாய்.

எது என்று நான் கேட்கவில்லை. "எண்பத்து நாலு" என்றேன்.

அதன் பிறகு எல்லா நாவலின் அட்டையிலும் அவளை வேண்டுமென்றே நிற்க வைத்தோம். பேராவது வைப்போமே என்றதற்கு நீ ஒத்துக்கொள்ளவில்லை. "நாம வெச்சா எல்லாம் சரியாயிடுச்சின்னு ஆயிடும். பேரில்லாமயே நிக்கட்டும். பாக்கிறவனுக்கு உறுத்தட்டும்."

மூன்று மாதத்துக்கு முன், பன்னிரண்டு மணி நேர வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும்போது, கண் அசந்து லோரியில் மோதி இறந்துபோனாய். விபத்து அறிக்கையில் கவனக்குறைவு என்று எழுதினார்கள். பன்னிரண்டு மணி நேரத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

இன்று அந்தப் பதிப்பகத்தின் பதிப்பாசிரியரைக் கூப்பிட்டு, ஓரத்தில் நிற்பவள் பேரில்லாத பிள்ளை என்று சொன்னேன்.

"பிள்ளைங்க புத்தகம்மா. சந்தோசமா இருக்கணும். பேரில்லாத பிள்ளைன்னா டீச்சருங்க கேள்வி கேப்பாங்க."

"கேக்கட்டும் சார்."

"ஒன்னு அழி, இல்ல ஒரு பேரு வெய்யி. ரெண்டும் முடியாதுன்னா புக்கு வராது. பன்னெண்டரைக்குள்ள சொல்லு."

அவளை அழித்தால் உன் கதைகள் நாடு முழுக்கப் போகும். அழிக்காவிட்டால் உன் பெயரும் அச்சேறாது. நகலெடுத்துத் தைத்த பிரதிகளையே பார்த்துச் சலித்த உன் அம்மாவிடம், நல்ல புத்தகமாகக் கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். படத்தைத் திறந்து அவள் முகத்தின்மேல் விரலை வைத்தேன். கேண்டீனில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசி ஓய்ந்த ஒரு கணம் வந்தது. காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. எதுவும் கேட்கவில்லை. இத்தனை வருடத்தில் அவளால் நான் பயந்தது அந்த ஒரு முறைதான்.

"எட்டுப் பேரும் நிப்பாங்க சார்" என்றேன்.

"அப்ப மன்னிச்சிக்கம்மா" என்று வைத்துவிட்டார்.

உன் புத்தகத்தை உன்னைக் கேட்காமல் நிறுத்திவிட்டேன். கோபம் வந்தால் கோபித்துக்கொள். உன் அம்மாவிடம் நானே போய்ச் சொல்கிறேன்.

நீ போனதிலிருந்து சனிக்கிழமைகளில் நகல் பிரதிகளை மோட்டார் கூடையில் போட்டுக்கொண்டு எஸ்டேட்டு டியூஷன் வகுப்புகளுக்குப் போய்ப் படித்துக் காட்டுகிறேன். தொடங்குமுன் எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை எண்ணுவேன். பிறகு டீச்சரிடம் பெயர்ப் பட்டியலை வாங்கி, அதையும் எண்ணுவேன்.

ஒருமுறைகூடப் பட்டியலில் ஆள் குறையாமல் இருந்ததில்லை.