லீக்ஸ் மூட்டைக்குள் போன கதை

அன்பு மச்சான் சிவா,

நீ போய்ப் பத்து மாதம். உன்னைப் பற்றி எழுதித் தருவதாக உன் மகள் நிரோஷாவிடம் சொன்னேன். ஒரு பக்கம்கூட முடிக்கவில்லை.

"மாமா, வேன் ஓட்டுறதுக்கு முந்தி அப்பா எப்படி இருந்தாரு?" என்று உன் கருமாதியன்று கேட்டாள். அதைச் சொல்ல இப்போது நான் ஒருவன்தான் மிச்சம்.

நேரம் எங்கே இருக்கிறது, சொல்லு? விடிந்தால் ராகலைக் கடை வாசலில் கரட் மூட்டையோடு ஆட்கள் நிற்கிறார்கள். மத்தியானம் லொறி ஏற்ற வேண்டும். உட்கார்ந்தால் போன் அடிக்கிறது. அது ஓய்ந்தால் எனக்கே மனம் வருவதில்லை. அலுத்துவிட்டது மச்சான். எப்பேர்ப்பட்ட ஆளையும் பேசிச் சமாளிப்பேன். வெறும் தாளிடம் என் வாய் செல்லவில்லை.

போன வாரம் லொறி ஏற்றும்போது, ஒரு பில் துண்டின் பின்பக்கத்தில் கிறுக்கினேன். நாம் இருவரும் முதன்முதலாக லீக்ஸ் கட்டோடு நுவரெலியா பஸ்ஸில் ஏறியதும், வெங்காய நாற்றம் என்று கண்டக்டர் பாதிவழியில் இறக்கிவிட்டதும். மூட்டைக்கு ஒரு பில் செருகுவது கைப்பழக்கமில்லையா, அதையும் ஒரு லீக்ஸ் மூட்டைக்குள் செருகித் தைத்துவிட்டேன்.

மறுநாள் தம்புள்ளையில் நம் சரக்கை எடுக்கும் முஸ்லிம் வியாபாரி, நம்ம நானா, போனில் கூப்பிட்டார்.

"மொதலாளி, இதென்ன பில்லா, கதையா? பஸ்ஸில இருந்து எறக்கினது வரைக்கும்தான் ஈக்குது. பொறகு என்ன நடந்த?"

"அத விடுங்க நானா, சரக்கு எப்படி?"

"சரக்கு நல்லம். அந்த மத்த ஆளு என்ன செஞ்ச? அதச் சொல்லுங்க."

கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தான் என்றேன். உன்னைப் பார்த்தே இராத மனிதர் கேட்கிறார். நான் இத்தனை மாதம் எதற்காகக் காத்திருந்தேன்?

வீட்டில் மனைவி லெட்சுமியிடம், இனி எழுதப்போகிறேன் என்று சொன்னேன். "நீங்க கதை எழுதப் போனா மூட்டைய யாரு தைக்கிறது, ஒங்க தாத்தாவா?" என்றாள். அரை மணி நேரம் பேரம். என்னையே மடக்கிவிட்டாள்.

உன் முதல் திவசத்துக்குள் முழுவதையும் எழுதி நிரோஷா கையில் கொடுத்துவிடுவேன், மச்சான். லெட்சுமியோடு பேசி முடித்தது இது: செவ்வாயும் வெள்ளியும், இரண்டு மணியிலிருந்து நான்கு வரை. அந்த நேரம் போனும் மூட்டைத் தையலும் அவள் பொறுப்பு. எழுதியதை அன்றைக்கே அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். வாசிக்க ஒன்றுமில்லையென்றால், அடுத்த நாள் மூட்டை முழுவதும் நான்தான் தைக்க வேண்டும்.

உன் மச்சான்,
நிரோஷாவின் மாமா,
ராசு