அணைத்த பின்னும் ஓடிய மின்சாரம்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான் ஓய்வில்லை. போனில் சொன்னால் அம்மா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

உன் அம்மா முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியது போதாதென்று இப்போது வீட்டுச் சுவர்களுக்கு நடத்துகிறாள். பழைய மாணவி ஒருத்தி காந்தப்புலம் அளக்கும் சின்ன மீட்டர் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாள், பிடித்தது சனி. படுக்கையறைச் சுவரில் எண் எகிறுகிறதாம். ஒரே வாரத்தில் கட்டிலை நான்கு முறை நகர்த்தினேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. "இதனால வியாதி வரும்னு நான் சொல்லலை. போற கம்பியும் திரும்புற கம்பியும் சேர்ந்து ஓடினா இவ்வளவு காட்டாது, எங்கேயோ வயரிங் தப்பு" என்று ஒரே பாட்டு. குடியிருப்புச் செயலாளர், 'அப்புறம்பாக்கலாம்' என்று நீ பெயர் வைத்தாயே, அவர் வழக்கம்போல அதையே சொன்னார். கூப்பிட்டு வந்த எலக்ட்ரீஷியன் மீட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து "இது பொம்மைம்மா" என்றார். எனக்கும் பொறுமை போய், நாலு பேர் முன்னால் "உனக்கு வேற வேலை இல்லை" என்று சொல்லிவிட்டேன்.

அவள் பதிலுக்குச் சண்டை போடவில்லை, "மெயினை அணைங்க" என்றாள், அவ்வளவுதான். அவள் வாயை அடைக்கலாம் என்று நானே போய் அணைத்தேன். மின்விசிறி நின்றது, ஃபிரிட்ஜ் நின்றது, மீட்டரில் எண் மட்டும் இறங்கவே இல்லை. எலக்ட்ரீஷியன் சிரிப்பை நிறுத்திவிட்டுத் கம்பியைக் கவ்விக் கரன்ட் அளக்கும் தன் கிளாம்ப் மீட்டரை நம் வீட்டு நியூட்ரலில், அதாவது அம்மா சொன்ன திரும்புற கம்பியில், மாட்டிப் பார்த்தார். "வீடே அணைஞ்சு கிடக்கு, இதுல எப்படி சார் கரன்ட் ஓடுது? தெரியாம இதைக் கழட்டியிருந்தா என் கதி என்ன?" என்று இரண்டடி பின்னால் போய்விட்டார். கம்பி போன வழியே தேடிப் போனால், கீழ்வீட்டில் அறையை இடித்துக் கட்டியபோது அவர்கள் நியூட்ரலை நம்முடையதோடு முறுக்கி, டேப் சுற்றி, மேலே பூசிவிட்டிருக்கிறார்கள் புண்ணியவான்கள்! அவர்கள் வீட்டுக் கரன்ட் நம் கம்பி வழியாகத் திரும்பிக்கொண்டிருந்திருக்கிறது. அங்கே அலமாரியை நகர்த்திச் சுவரைத் திறந்தால் அந்த இணைப்பு கரியாகக் கிடந்தது, அலமாரியின் முதுகுப் பலகை வரை கருகல். கைக்குழந்தை தூங்கும் அறை மகளே அது. ஒரு மாதமாகக் கருகல் வாடை வந்ததாம், இஸ்திரிப்பெட்டி என்று நினைத்தார்களாம். தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது, முதலில் என் தலையில்.

இப்போது இரண்டு வீட்டுக் கம்பிகளையும் பிரித்துவிட்டார்கள், எண்ணும் இறங்கிவிட்டது. அம்மா சொன்னதுதான் சரி என்று செயலாளரிடம், எலக்ட்ரீஷியனிடம், கீழ்வீட்டாரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன், அவளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. நீ முந்திக்கொண்டு சொல்லிவிடாதே. உங்கள் வீட்டில் கருகல் வாடை வந்தால் உடனே ஆளைக் கூப்பிடு, மாப்பிள்ளையை நோண்டவிடாதே, மறக்காதே. இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் பேச்சை ஒருவர் காதில் வாங்கிக்கொண்டு நிறைவாக வாழுங்கள்.

என்றும் உன் நினைவில்,
அப்பா

பி.கு.: உறை ஒட்டுவதற்கு முன்னால் அவளிடமும் சொல்லிவிட்டேன். மீட்டரைக் கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு, "சரி, ஏணியைப் பிடிங்க, மாடிப்படி லைட்டையும் பார்த்துடலாம்" என்றாள்.