மீந்த நாற்பத்திரண்டு இடங்கள்

ஜோகுபாளையம், பெங்களூரு
வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பி அஷ்வினுக்கு,

உன் பக்கத்து இருக்கையில் வேலை செய்த நரேஷை கம்பெனி தற்காலிகமாக நீக்கியிருப்பது உறுதி. நேற்று மாலை ஈஜிபுராவில் அவன் வீட்டுக்குப் போய் உத்தரவை நானே வாங்கிப் படித்தேன். இன்னும் வெளிவராத கணினி விளையாட்டை இயக்கும் எக்ஸி கோப்பைத் திருத்தி, காசு கொடுத்து வாங்கியதா என்று பார்க்கும் உரிமச் சோதனையை நீக்கி, இணையத்தில் விட்டதாகக் குற்றச்சாட்டு. அது ஒரு மாதத்துக்கு முன் அவன் கணினியிலிருந்து போயிருக்கிறது.

நீ புனேக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? இங்கே உன் அண்ணிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது.

அந்தக் கோப்பைத் திருத்துவது உங்கள் பிரிவில் அன்றாட வேலைதான் என்று நரேஷ் விளக்கினான். ஒன்பதாவது கட்டத்தைச் சோதிக்க ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஆட முடியாது. தடுக்கும் கட்டளையை மாற்றிவிட்டு நேரே உள்ளே போவீர்களாம். ஆனால் உரிமச் சோதனையைத் தான் தொட்டதில்லை என்கிறான். வேறு யார் அவன் கணினியில் உட்கார முடியும் என்று கேட்டேன். "எங்க டீம்ல நாலு பேருக்கும் நாலு மெஷின் பாஸ்வேர்டும் தெரியும்ணா. மானிட்டர்லயே ஒட்டி வெச்சிருக்கோம்" என்றான். அவன் மனைவி மமதா உள்ளிருந்தே, "வீட்டுச் சாவிய மட்டும் எங்கிட்டகூட குடுக்க மாட்டாரு" என்றாள். அவளுக்கு இது எட்டாவது மாதம்.

மூலக் கோப்பையும் திருத்திய கோப்பையும் ஒப்பிட்டு கம்பெனி இரண்டு தாள் கொடுத்திருக்கிறது. கோப்பின் கடைசியில் இருந்த காலியிடத்தில் புதிய கட்டளைகளை எழுதியிருக்கிறார்கள். எழுதியதுபோக மீந்தது நாற்பத்திரண்டு எழுத்துக்கான இடம். அதைச் சும்மா விட்டிருக்கலாம். விடவில்லை. இரண்டு சமக்குறி, ஓர் எக்ஸ், மறுபடி இரண்டு சமக்குறி, ஓர் எக்ஸ் என்று கடைசி இடம்வரை நிரப்பியிருக்கிறது. நரேஷ் அதைப் பொருட்படுத்தவில்லை. "அது டூல் தானா போடுறதுண்ணா" என்றான்.

இன்று காலை அல்சூரில் டிரேவரைப் பார்த்துக் கேட்டேன். இருபது வருடமாக மென்பொருள் வேலையில் இருப்பவர். தனக்குத் தெரிந்து எந்தக் கருவியும் அப்படி நிரப்பாது, யாரோ உட்கார்ந்து அடித்ததுதான் என்றார். இது ஒருவர் சொன்னது. வேறிடத்தில் இன்னும் சரிபார்க்கவில்லை.

அப்பா பத்திரம் எழுதும் ஆபீஸில் இருந்தவர். எந்தப் படிவத்திலும் மீந்த இடத்தில் இரண்டு கோடு, ஒரு பெருக்கல் குறி போடாமல் கையெழுத்து வைக்கமாட்டார். "காலியா விட்டா எவனாவது எழுதிடுவான்" என்பார். அந்தப் பழக்கம் என்னிடமும் இருக்கிறது, உன்னிடமும் இருக்கிறது. வேறு யாரிடமும் நான் பார்த்ததில்லை. நான் பார்க்காததால் இல்லை என்றாகிவிடாது என்பதும் எனக்குத் தெரியும்.

இன்னொன்று. போன ஞாயிறு போனில் நரேஷுக்கு ஆபீஸில் ஏதோ பிரச்சினையாம் என்று மட்டும்தான் சொன்னேன். நீ உடனே, "அந்த ஃபைல நான் தொட்டதே இல்லண்ணா" என்றாய். எந்தக் கோப்பு என்று எனக்கே அப்போது தெரியாது.

முப்பத்தொரு வருடப் பத்திரிகை வேலையில், யாரைப் பற்றி எழுதினாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுதியதில்லை. அதனால் உன்னைக் கேட்கிறேன்; நாளையே கிடைக்கும்படி இதைக் கூரியரில் அனுப்புகிறேன். அந்தக் குறிகளைப் பார்த்து எனக்குத் தோன்றியதை நரேஷிடம் சொல்லவில்லை. உன் அண்ணியிடமும் சொல்லவில்லை.

புறப்படும்போது நரேஷ் வாசல்வரை வந்தான். "அஷ்வின் ஒரு மெயில் போட்டா போதும்ணா. நான் எப்படி வேலை செய்வேன்னு அவனுக்குத்தான் தெரியும்" என்றான். உன்னைத்தான் சாட்சியாக நம்பியிருக்கிறான்.

விசாரணை திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு, எலெக்ட்ரானிக் சிட்டி அலுவலகத்தில். முடிவை அன்று மாலையே சொல்வார்கள் என்று உத்தரவில் இருக்கிறது. நரேஷுடன் நானும் போகிறேன். உன் மெயில் இன்னும் வரவில்லை. ஞாயிறு இரவுவரை அவன் காத்திருப்பான்.

மெயிலுக்குப் பதில் நீயே வந்தால் இன்னும் நல்லது. எந்த வண்டியில் வந்தாலும் ஸ்டேஷனுக்கு வந்து அழைத்துக்கொள்கிறேன். வழியில் ஒன்றும் கேட்கமாட்டேன். நீ நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை.

உன் நல்லதையே நினைக்கும்
அண்ணன் ராஜேந்திரன்