துரை பேசிய கேசட்

12.4.99, திங்கள்
மழை இல்லை, புழுக்கம். பெடாஸிலிருந்து ஏழு மணி பஸ்ஸில் சிரம்பான். ஒரு கையில் வீடியோ கேசட், மறு கையில் அதை ஓட்ட, கோயில் ஸ்டோரில் கிடந்த பழைய பீட்டா மெஷின். கோயில் தலைவர் காளியப்பன் வரவில்லை. தலைவர் எப்படிச் சுமப்பார்.

வெள்ளிக்குள் வக்கீலுக்கு டிஸ்க் வேண்டும். எஸ்டேட்டை வாங்கிய கம்பெனி கோயிலை இடிக்கப்போகிறது. 1984 கும்பாபிஷேகத்தில் எஸ்டேட்டின் பழைய மானேஜர் துரை மைக்கில் சொன்னார், கோயில் நிலம் உங்களுக்கே என்று. அவர் ஆங்கிலத்தில், தமிழில் சொன்னது நான், அப்போதைய பெரிய கிராணி, எஸ்டேட் ஆபீஸின் தலைமைக் குமாஸ்தா. எழுத்தில் ஒன்றும் இல்லை. துரையும் செத்துப்போனார். அன்று எடுத்த இந்தக் கேசட் மட்டும்.

கம்ப்யூட்டர் கடை ஆ கியோங். சீனப் பையன்; அவன் அப்பா எங்கள் எஸ்டேட் மளிகைக் கடைக்காரர், அதனால் தமிழ் பேசுவான்.
"ஃபைல் ஏறிடுச்சு கிராணி. டிஸ்க் எழுதுற ப்ரோக்ராம்தான் வேணாங்குது லா."

13.4, செவ்வாய்
பல்வலி. கிராம்பு வாங்க மறந்தேன்.
- ஃபைல் வேறு வகை. டிஸ்க் ஏற்கும் எம்பெக் வகைக்கு மாற்ற ஐந்து மணி நேரம்.
- படம் மேலும் கீழும் உருண்டது. அமெரிக்க முறையில் மாற்றியிருக்கிறான். நம் ஊர் டிவிக்கு வேறு. மறுபடி ஐந்து மணி.
- படம் நின்றது. சத்தம் இல்லை.

ஊமைப் படம் பார்த்தேன். துரை, மைக்குடன் நான், நடுவில் காளியப்பன். அன்று மண்டோர், தொழிலாளருக்குக் கங்காணி. தலையில் பரிவட்டம். துரைக்குக் கடிதம் எழுதியது, அவரை அழைத்து வந்தது எல்லாம் நான். முதல் மரியாதை அவனுக்கு.

14.4, புதன்
சித்திரை ஒன்று. கடை மூடல். காளியப்பன் பாயசத்துடன் வந்தான்.
"சத்தம் வந்துருச்சா ஐயா?"
"நினைச்சா வர்றதுக்கு அது என்ன ரேடியோவா?"
"அதான் படிச்சவங்கள அனுப்புனோம்."
குத்துகிறானா, உண்மையாகவா? பதினைந்து வருடமாக இவனிடம் இது பிடிபடவில்லை. பாயசத்தில் சர்க்கரை அதிகம். குடித்தேன்.

15.4, வியாழன்
காரணம் கண்டுபிடித்துவிட்டான். சத்தத்தைப் பதிந்த வேகம் 48,000; டிஸ்க் ஏற்பது 44,100. மாற்றினான். சத்தம் வந்தது.

நாதஸ்வரம்.

துரையின் வாய் அசைகிறது, என் வாய் அசைகிறது. தவில்.
"சாரி கிராணி, வேற ஃபைல் கலந்துருச்சு போல."
கேசட்டையே ஓட்டினோம். அதிலும் நாதஸ்வரம்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. வீடியோக்காரர்கள் எல்லா விசேஷத்துக்கும் பாட்டுப் போடுவார்கள். அன்று எடுத்தவன் எங்கே போட என்று என்னிடம் கேட்டான். பேச்சு முழுக்கப் போடு என்றேன். துரை மூன்று முறை காளியப்பன் பெயரைச் சொல்லி நன்றி கூறியிருந்தார். மூன்று முறை. என் பெயர் இல்லை. மொழிபெயர்த்தது என் வாய்.

ஆ கியோங்கிடம் சொல்லவில்லை. இன்னொரு முறை செய்து பார் என்றேன். பாவம், தன் தப்பென்று நினைத்து மறுபடி உட்கார்ந்தான்.

16.4, வெள்ளி
மேகம். வக்கீல் அலுவலக வாசல், மர பெஞ்சு. பையில் டிஸ்க். பக்கத்தில் காளியப்பன், வெள்ளைச் சட்டை, விபூதி.

பஸ்ஸில் பாதிதான் சொன்னேன், பேச்சு கேட்காது என்று. பஸ் டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.
"போவுது விடுங்க ஐயா. படத்துல மைக்கோட நிக்கிறது நீங்கதானே. துரை சொன்னத நீங்க கோர்ட்டுல சொன்னா போதும்."

போதாது. பேச்சின் மேல் மேளம் வைத்தது யார் என்பதுதான் வக்கீலின் முதல் கேள்வியாக இருக்கும். வீடியோக்காரன் பெயரைச் சொல்லலாம். அவன் இப்போது எங்கேயோ.

காளியப்பனை வெளியே இருக்கச் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. நான் செய்ததை அவனும் கேட்கட்டும்.

பெயர் கூப்பிடுகிறார்கள். என் பெயர்தான் முதலில்.