அம்மா தின்ற பாதி மாத்திரை

ஜூலை 8, 1963. திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. வலது கன்னம் இன்னும் வீங்கிவிட்டது. கிராம்பு, உப்புத் தண்ணீர், எதற்கும் அடங்கவில்லை.

நாளை மறுபடி பல் டாக்டர், பல்லைப் பிடுங்க. போன வாரம் நாற்காலியில் உட்கார்ந்ததும் உதறல். அவர் விரலைக் கடித்துவிட்டேன். என்ன கேட்டும் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. ஏழாவதோடு பள்ளிக்கூடம் நின்றபோது டீச்சருக்கே என் குரல் தெரியாது.

டாக்டர் திட்டவில்லை. ஒரு மாத்திரையைக் காகிதத்தில் மடித்து அம்மாவிடம் கொடுத்தார். வருவதற்கு ஒரு மணி முன்னால் போட வேண்டும். பயம் அடங்கும், லேசாகத் தூக்கம் வரும். கூட ஒருவர் வர வேண்டும்.

குழாயடியில் முனியம்மா அக்கா: "இன்னாடி, கன்னத்துல போண்டாவா?" மாத்திரையைப் பற்றி அம்மா சொன்னதும், "தூக்க மாத்திரையா! எங்க பெரியப்பா அப்பிடித்தான் தூங்கினாரு. எழுந்திரிக்கவே இல்ல."

குடத்தைப் பாதியிலேயே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூலை 9. காலை

மழை இல்லை. அம்மா ஆஸ்டின் டவுன் பங்களாவில் சமையலுக்கு லீவு சொல்லிவிட்டாள்.

எங்கள் வீட்டில் எந்த மருந்தும் முதலில் அம்மா வாய்க்குத்தான். தம்பி சேகர் காய்ச்சல் மருந்து குடித்த அன்றே போனான். அதிலிருந்து இப்படி. இன்றும் அரிவாள்மனையில் மாத்திரையை இரண்டாக்கி, பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"அம்மா, அது எனக்குத் தந்தது."

"கெட்டதுன்னா எனக்கு ஆவட்டும். சும்மா குந்து."

கொஞ்ச நேரம் காத்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. மீதி எனக்கு. கசப்பு. பயம் அப்படியே இருக்கிறது.

அதே நாள், சாயங்காலம்

வாயில் பஞ்சு. எழுத முடிகிறது.

டாக்டர் வீட்டுப் பெஞ்சில் அம்மா சாய்ந்தாள். பக்கத்திலிருந்த கவுன் போட்ட அம்மாள் தோளில் தலை. குறட்டை. பிறகு குறட்டையும் நின்றது. கூப்பிட்டேன், உலுக்கினேன். எழவில்லை. வாய் திறந்தபடி. சேகர் கிடந்ததும் இப்படித்தான்.

நர்ஸ் வந்து, "பேஷண்ட் யாரு, இவங்களா?" பெஞ்சு முழுக்கச் சிரிப்பு.

"அம்மா பாதி தின்னுட்டாங்க!" கத்தியது நான்தான்.

டாக்டர் ஓடிவந்தார். நாடி பார்த்தார், கண் இமையை விலக்கிப் பார்த்தார். "ஒண்ணும் இல்லம்மா. ராத்திரி சரியா தூங்கலை போல, அதான். எழுந்திடுவாங்க." எனக்கு அழுகை.

"உனக்குப் பாதி மாத்திரை பத்தாது. அடுத்த வாரம் வேற தரேன். அதுவரை ஸ்வல்ப, கொஞ்சம் பொறுத்துக்கோ."

பல் பிடுங்குவது தள்ளிப்போக வேண்டும், ஒரு வாரமாகச் சாமியிடம் கேட்டது இதைத்தான். எழுந்து ஓடியிருக்கலாம். ஆனால் வேறு மாத்திரை என்றால், அம்மா மறுபடியும் பாதி தின்பாள்.

"இன்னிக்கே எடுங்க டாக்டர்."

"யார் கூட வீட்டுக்குப் போவே?"

"அம்மா எழுந்திரிக்கிற வரைக்கும் இங்கியே இருக்கேன்."

ஊசி. தாடை மரத்தது. குறடு. எலும்பு நொறுங்குவது போலக் காதுக்குள் சத்தம். கடைசிவரை நான் வாயை மூடவில்லை.

நான் வெளியே வந்த பிறகும் அம்மா தூக்கம். பக்கத்தில் உட்கார்ந்து அவள் மூக்கடியில் விரல் வைத்துக்கொண்டே இருந்தேன். கண் திறந்ததும், "உள்ள கூப்பிட்டாங்களா?"

ஜூலை 10. புதன்

வீக்கம் குறைவு. கஞ்சி மட்டும். குழாயடியில் அம்மா: "நல்ல மாத்திரை முனியம்மா. பயமே தெரியல." யாருக்கு என்று அக்கா கேட்கவில்லை.

வீக்கத்துக்கு டாக்டர் வேறு மாத்திரைகள் கொடுத்திருக்கிறார். கஞ்சி குடித்ததும் அம்மா ஒன்றை எடுத்துக்கொண்டு அரிவாள்மனையைப் போட்டாள். அவள் உட்காருவதற்குள் கையிலிருந்து பிடுங்கி, தண்ணீர்கூட இல்லாமல், முழுசாக விழுங்கிவிட்டேன்.

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இன்னும் எழவில்லை.