கை தூக்கிய வகுப்பு

10 ஜூன்

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல எழுதியது.

நான் நலம். மூட்டு மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. இந்த முறையும் உன்னை வேலைக்கு எடுக்கவில்லை என்று மாப்பிள்ளை போனில் சொன்னார். நீ போனை வாங்கினால், "அப்புறம் பேசறேம்ப்பா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது அல்லவா? அதனால் கீழ் வீட்டுத் தையற்காரியைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன்.

பட்டம் வாங்கினாய். பயிற்சி முடித்தாய். தகுதித் தேர்வு என்றார்கள், எழுதினாய். சான்றிதழ் சரிபார்ப்பு என்றார்கள், அலைந்தாய். கடைசியில் மாதிரி வகுப்பு என்று ஒன்றை வைத்து, பின்பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்கிறார்கள். அதே பள்ளியில் ஓவிய வாத்தியார்தான் கணக்குப் பாடமும் எடுக்கிறார் என்று நீயே சொன்னாய். ஆள் வேண்டும், ஆனால் நீ வேண்டாம் என்றால் என்ன அர்த்தம்? எங்கோ இடிக்கிறது.

இந்தத் தையற்காரியின் மகள் கணக்கில் தொண்ணூறுக்கு மேல் வாங்கியிருக்கிறாள். அரை மீட்டர் துணியில் பாதி எவ்வளவு என்றால் விட்டத்தைப் பார்க்கிறாள். இதை எழுத மாட்டேன் என்றாள் தாய். எழுது என்றேன்.

நான் ஆயுள் முழுக்கப் பள்ளிக்கூட வாசலில் காவல் நின்றவன். எழுத்துத்தான் தெரியாது. எந்தத் தலைமையாசிரியர் எந்தச் சட்டை போட்டுக்கொண்டு என்ன பொய் சொன்னார் என்பது இன்னும் நினைவிருக்கிறது. அந்த வகுப்பில் என்ன நடந்தது? ஒன்று விடாமல் எழுது.

உன் அப்பா

18 ஜூன்

அன்புள்ள அப்பாவுக்கு,

பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பின்னங்களைக் கூட்டுவது பாடம். கேள்வி கேட்டேன், வகுப்பு முழுக்கக் கை தூக்கியது. ஒரு பெண்ணைக் கூப்பிட்டேன். அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்றாள். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து. பாதிப் பிள்ளைகள் இப்படித்தான் போடுகிறார்கள்; மீதிப் பேருக்கு விடை மட்டும் மனப்பாடம். "அரையோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா அரையைவிடக் குறையுமா?" என்று கேட்டேன். அவளைப் பலகைக்கு அழைத்து முதலிலிருந்து வந்தேன். அதற்குள் நேரம் போய்விட்டது. பாடத்தை முடிக்கத் தெரியவில்லை என்று குறித்துக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

யாரையும் சந்தேகப்படாதீர்கள். கடிதம் எழுதித் தரும் அக்காவுக்கு என் அன்பு. அவர் மகள் பெரியவளாகி உங்களுக்குச் சட்டை தைக்காமல் இருக்கட்டும்.

உங்கள் மகள்

25 ஜூன்

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். இரண்டாம் தடவை கொஞ்சம் குறைந்தது போலிருந்தது. கேட்டால், "ஒரே கடுதாசிதான் பெரியவரே, அது என்ன நிலாவா தேயறதுக்கு?" என்கிறாள். எனக்கு இவள் மேலும் ஒரு கண் இருக்கிறது.

எல்லோரும் கை தூக்கினார்கள் என்றாயே, எந்தக் கை?

எங்கள் பள்ளிக்கு ஆய்வாளர் வருவதற்கு முதல் நாள் கணக்கு டீச்சர் போட்ட சத்தம் வாசல்வரை கேட்டது: "தெரிஞ்சவங்க வலது கை, தெரியாதவங்க இடது கை. ஆனா எல்லாரும் தூக்கணும்!" மறுநாள் டீச்சர் வலது கைகளாகப் பார்த்துக் கூப்பிட்டார். ஆய்வாளர் பூரித்துப் போய் வாசலில் எனக்குக்கூடக் கை கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தப் பள்ளியிலும் இதே ஏற்பாடுதான் இருக்கும்; உனக்கு அதை யாரும் சொல்லவில்லை. மாப்பிள்ளை அந்தப் பள்ளியில்தான் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறார். அவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஏன் வாயைத் திறக்கவில்லை? நீ அவரைவிட அதிகம் சம்பாதிப்பாய் என்றா? பெண் பார்க்க வந்த அன்று, சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் தலை நிமிரவே இல்லை. அன்றைக்கே எனக்கு உறுத்தியது. நேராகக் கேள். நீ கேட்காவிட்டால் நான் வந்து கேட்கிறேன்.

அப்பா

2 ஜூலை

அப்பா,

வரவேண்டாம். அவரைக் கேட்கவும் வேண்டியதில்லை. அவர் வகுப்புக்கு முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார். "இடது கைப் பக்கம் பார்க்கவே பார்க்காத" என்று கிளம்பும்போதுகூடச் சொன்னார்.

உங்களிடம் மறைத்தது நான்தான். முதலில் இரண்டு வலது கைகளைக் கூப்பிட்டேன். நான் கேள்வியை முடிக்கும் முன்பே விடை வந்தது. ஜன்னலோரம் ஒரு பெண், இடது கையைத் தூக்கியபடி வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னை யாரும் கூப்பிடப் போவதில்லை என்று அவ்வளவு நிச்சயம் அவளுக்கு. அதை என்னால் தாங்க முடியவில்லை. கூப்பிட்டேன். "மிஸ், நான் இடது கை மிஸ்" என்றாள், நான் தவறிக் கூப்பிட்டுவிட்டதுபோல.

பின்பெஞ்சில் இருந்த மூவரில் ஓர் அம்மா அப்புறம் என்னைத் தனியாகக் கேட்டார்: "அந்தப் பொண்ண எதுக்கும்மா எழுப்பினீங்க?"

உங்கள் மாப்பிள்ளை மூன்று நாள் என்னோடு பேசவில்லை. உங்களிடம் மட்டும் என்னை விட்டுக்கொடுக்காமல் பேசியிருக்கிறார். அந்த மனுஷரைப் போய்ச் சந்தேகப்படுகிறீர்கள்.

அடுத்த மாதம் வேறொரு பள்ளியில் மாதிரி வகுப்பு. வயது வரம்பு இந்த ஆண்டோடு முடிகிறது. இதுவும் போனால் அப்புறம் கிடையாது. என்ன செய்யட்டும் அப்பா?

மகள்

9 ஜூலை

மகளே,

படித்து முடித்துவிட்டுத் தையற்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது. நான் உலகத்தில் ஒருவர் விடாமல் சந்தேகப்பட்டேன், உன்னை மட்டும் விட்டுவிட்டேன் பார்.

வலது கையைக் கூப்பிடு. நான் சொல்வது இதுதான். நீ விட்டால் அந்த நாற்காலியிலும் ஏதோ ஓர் ஓவிய வாத்தியார்தான் உட்காருவார். அங்கேயும் ஒரு பெண் ஐந்தில் இரண்டு என்றே சொல்லிக்கொண்டிருப்பாள். உள்ளே போய்விட்டால் உன் வகுப்பு, உன் பிள்ளைகள். அப்புறம் இடது கைகளையே கூப்பிடு, யார் கேட்கப் போகிறார்கள்? வாசலில் நிற்பவனால் உள்ளே எதையும் மாற்ற முடியாது. நின்று பார்த்தவன் சொல்கிறேன்.

"இப்படி எழுதச் சொல்லாதீங்க பெரியவரே" என்கிறாள் இவள். எழுதாமல் விட்டுவிடுவாளோ என்று, அந்த வரியை எனக்குத் திரும்பப் படித்துக் காட்டச் சொன்னேன். இந்த ஒரு தடவை அப்பா பேச்சைக் கேள்.

அப்பா

21 ஆகஸ்ட்

அன்புள்ள அப்பாவுக்கு,

என்னை எடுத்துக்கொண்டார்கள்.

நீங்கள் சொன்னபடியே செய்தேன். எல்லா விடையும் சரியாக வந்தது. நேரத்துக்கு முன்பே பாடம் முடிந்து, பின்பெஞ்சில் கைதட்டினார்கள். உங்கள் மாப்பிள்ளைக்கு ஒரே சந்தோஷம்.

திங்கட்கிழமை சேர்ந்தேன். தலைமையாசிரியை கூப்பிட்டு, விரைவில் ஆய்வு வருகிறது, வகுப்பைத் தயார் செய்யுங்கள் என்றார். "எப்படின்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? அதைப் பார்த்துத்தானே உங்களை எடுத்தோம்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன் அப்பா. அவருக்கு முன்னால் அப்படித்தான் சிரிக்க முடிந்தது.

பிறகு வகுப்புக்குப் போனேன். நான் ஒன்றும் சொல்லவில்லை. சும்மா ஒரு கேள்வி கேட்டேன். பிள்ளைகளே வலதும் இடதுமாகப் பிரிந்து, சரியாகத் தூக்கினார்கள்.

மூட்டுக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், உங்கள் மாப்பிள்ளை கொண்டுவந்து தருவார். அவரிடம் அன்பாகப் பேசுங்கள். நான் எப்போது வருவேன் என்று கேட்காதீர்கள். பள்ளியில் என்ன நடந்தது என்றும் இனிமேல் கேட்க வேண்டாம்.

மகள்